ஒதுங்கி நின்றவள்

ஜூலை 12, சனி

இன்று எதிரணிக்குக் கை தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கூடைப்பந்தில் பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கூடையை மாற்றிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மகள் அனிஷா மூன்று வருடமாகப் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். நான் பார்க்கப் போனது இதுதான் முதல் தடவை. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன் சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு எங்கே போவது? ஆத்தூர்ப் பக்கத்துக் கிணற்று மோட்டார் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் வெள்ளிக்கிழமைதான் எரியும்.

முதல் பாதியில் நம் பிள்ளைகள் வேப்பமரத்துப் பக்கக் கூடையில் போட வேண்டும். விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு அதே கூடையில் மளமளவென்று விழுந்தது. ‘அப்படிப் போடு’ என்று எழுந்து நின்று கத்தினேன். சட்டையை வைத்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் அவர்கள் வாங்கும்போதே வெளிர் நீலம். நாம் துவைத்துத் துவைத்து வெளிர் நீலம். கண்ணாடியை வேறு கடையில் வைத்துவிட்டேன். கடைசியில் விளையாட்டு டீச்சர் முஹ்சினா திரும்பி, “அண்ணே, உக்காருங்கண்ணே, அது அவங்க பாயிண்டு” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்புக்கு ஆளாகிவிட்டோம், கூடச் சேர்ந்து சிரித்தால் பாதி குறையும்.

எழுத உட்கார்ந்தது அதற்கில்லை.

எதிரணியில் புவனேஸ்வரி என்று ஒரு பிள்ளை. எட்டாம் நம்பர். மாநில அணிக்கு ஆடியவளாம். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பள்ளிக்கூடம். கண்ணாடி இல்லாத எனக்கு டீச்சர் பிறகு சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது, அவள் ஆடவே இல்லை. நடந்தாள். பந்தை இடது கையால் தட்டிக்கொண்டே வெளியில் உட்கார்ந்திருக்கும் தோழியோடு பேசினாள். நடு ஆட்டத்தில் குனிந்து ஷூ கயிறு கட்டினாள். கடைசியில் அனிஷா பந்தோடு கூடைப்பக்கம் போனபோது, மறிக்க வேண்டியவள் இரண்டு கையையும் தொங்கப்போட்டு ஓர் எட்டு ஒதுங்கி நின்று, கல்யாணப் பந்தியில் இடம் காட்டுவது போல் கையை நீட்டினாள். போ, போட்டுக்கோ என்று.

அனிஷா போட்டாள். விழுந்தது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஒதுங்கி நின்றதைக் கவனிக்காத நான் விசில் அடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சோறு வேண்டாம் என்றாள். மனைவி ரூபி தட்டைப் போட்டுக் கூப்பிட்டும் எழவில்லை. “ஒரு பாஸ்கெட் போட்டியே பாப்பா” என்றேன், ஆறுதலாக.

“நான் போடலப்பா. அவ போட விட்டா.”

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போனோம். சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பாதியில் வெளியே வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் தூசியே இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

அனிஷா ஷூவைத் துணிப்பையில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். இனி ஆட மாட்டாளாம். தோற்றதற்காக இப்படிச் செய்கிறவள் இல்லை. மூன்று வருடத்தில் தோற்காத வருடம் ஏது? இது வேறு. காரணம் கேட்டால் படிக்க வேண்டும் என்கிறாள். படிப்பதற்கு என்று அவள் எதையும் இதற்கு முன் விட்டதில்லை. என் மகள் அல்லவா.

முஹ்சினா டீச்சர் சாயங்காலம் வந்து பேசிப் பார்த்தார். அனிஷா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று. அந்தச் சரி எனக்குத் தெரியும். ரூபி என்னை டாக்டரிடம் போகச் சொல்லும்போது நான் சொல்கிற சரி.

வாசல் வரை போய் டீச்சரிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் செய்தாள்? அவர் சொன்னார், பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான், உடம்பைப் பெரிய அணிகளோடு ஆடுவதற்கு எடுத்து வைப்பார்கள், வருடம் முழுக்க ஆட வேண்டுமே என்று. கோச்சே சொல்லித்தான் அனுப்புவாராம்.

எடுத்து வைக்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எடுத்து வைப்பதற்கும் கை நீட்டி இடம் காட்டுவதற்கும் வித்தியாசம் இல்லையா? எம்மக என்ன, பந்திக்கு வந்தவளா?

அவளைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆசை இல்லை. பொய். ஆசை இருக்கிறது, வக்கு இல்லை. அதனால் சின்னதாக ஒன்று கேட்கிறேன். அவளுக்கு வேர்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முன்னால் அந்த எட்டாம் நம்பர் சட்டை முதுகோடு ஒட்ட வேண்டும். அது போதும் எனக்கு.

ஜூலை 18, வெள்ளி

ஆத்தூர் கருப்புசாமி தோட்டத்து மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. நான் கட்டிய மோட்டார். ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் வரவில்லை என்று அவர் போன் செய்து, “ஏப்பா ராயப்பராஜு, கெணத்துல தண்ணி கூடிக்கிட்டு இருக்கு, என்ன சங்கதி?” என்றார். நேரில் போய் இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். சரியாகிவிட்டது. வேலை நேரத்தில் யாரை வைதுகொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

வரும் வழியில் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர். மானம் அந்தக் கணக்கில் வருமா தெரியவில்லை. ரூபியிடம் சொன்னேன். “அவருக்கு வேற வேலையில்லையா, ஒரு பச்சப்புள்ளைக்குக் கெடுதல் கேக்குறீங்க” என்றாள். கெடுதல் இல்லை, வேர்வை மட்டும்தான் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

ரூபியிடம் கம்பி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு எட்டாம் நம்பர் ஆடுவதைப் பார்க்க அவள் பள்ளிக்கூடத்துக்கே போனேன். மதுரையில் இருந்து ஓர் அணி வந்திருந்தது. பலமான அணி. கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போனேன். நல்லாப் பார்த்து வெறுக்கணும்ல.

என்ன சொல்ல. அது அந்தப் பிள்ளைதானா என்று நம்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆட்டம் தொடங்கும் முன் குனிந்து இரண்டு ஷூவின் அடியையும் உள்ளங்கையால் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நிற்கவே இல்லை. மூன்று பேர் நடுவில் நுழைந்து போகிறாள். வெளியே போகிற பந்துக்குத் தரையில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்கிறாள். ரத்தம் வடிகிறது, துடைக்கக்கூட இல்லை. கடைசி நிமிடத்தில் அவள் போட்ட பந்தில்தான் ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு ஓரமாக ஓடிப் போய் வாந்தி எடுத்தாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. இத்தனையையும் வைத்துக்கொண்டா எங்களிடம் நடந்தாள்? மதுரைக்காரிகளுக்குக் குடல் வெளியே வருகிற அளவுக்கு ஆட்டம். எங்களுக்கு ஒரு சொட்டு வேர்வை கிடையாது. அவளுக்கு ஆடத் தெரியாமல் இருந்திருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன்.

இதில் ஒரு கூத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைவிட மூத்தவர், வேட்டி சட்டை, மடியில் ஒரு மஞ்சப்பை. டீ வாங்கிவந்தவர் எனக்கும் ஒன்று நீட்டினார். “ஏனுங்க, உங்களுக்கு இந்த ஆட்டம் புடிக்குமுங்களா?” ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. சும்மா வந்தேன் என்றேன். “அந்த எட்டாம் நம்பரு நம்ம புள்ளதானுங்க” என்றார். டீ மூக்கில் ஏறிவிட்டது.

பேர் முத்துச்சாமி. முருங்கைத் தோட்டம். நான் யார் என்று சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவன் போல், போன வாரம் ஏதோ சின்ன அணியோடு உங்கள் பிள்ளை தூங்கி வழிந்ததாகக் கேள்விப்பட்டேனே என்று ஒரு கொக்கி போட்டேன்.

“அதையேனுங்க கேக்கறீங்க. எதுக்கால நிக்கறவங்க சொத்தையா இருந்தா அவளுக்கு ஒடம்பே எந்திரிக்காதுங்க. நானும் வையத்தான் செய்யறேன். ஆனா ஒண்ணுங்க. அவ கையில இருக்கற பந்த எவளாச்சும் புடுங்கிட்டா, அப்பறம் எதுக்கால நிக்கறது யாரு எவுருன்னெல்லாம் பாக்கமாட்டா.”

யாராவது பிடுங்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். அசட்டையாக இருக்கும்போது அவள் இடது கையால் நெஞ்சு உயரத்துக்குத் தட்டுவாளாம், குழந்தைகூடப் பிடுங்கலாமாம், ஆனால் பயந்துகொண்டு ஒருத்தியும் கிட்டப் போவதில்லையாம். பெருமையாகவும் சொன்னார், வருத்தமாகவும் சொன்னார். எது அதிகம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

கிளம்பும்போது தோட்டத்து மோட்டார் சூடாகிறது என்று பேச்சு வந்தது. பழக்க தோஷத்தில் கடை அட்டையை எடுத்து நீட்டிவிட்டேன். பழி வாங்கப் போன இடத்தில் ஆர்டர் பிடித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூலை 21, திங்கள்

அனிஷாவிடம் சொன்னேன். வாந்தி எடுத்தது வரை எல்லாம். கேட்காத மாதிரிக் கேட்டாள். இடது கை, நெஞ்சு உயரம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஒரே ஒரு தடவ புடுங்கினாப் போதும். ஜெயிக்கவெல்லாம் வேணாம்” என்றேன்.

“புடுங்கினா என்னப்பா ஆகும்?”

“நம்மள அடிச்சுத் தொவைப்பா.”

நோட்டை மூடி வைத்தாள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினாள்.

ஜூலை 27, ஞாயிறு

பயிற்சி. கடைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில். நான்தான் புவனேஸ்வரி. இடது கையால் நெஞ்சு உயரத்துக்குத் தட்ட வேண்டும், அலட்சியமாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அலட்சியம் வந்துவிடுகிறது, பந்துதான் வரவில்லை. அனிஷா பிடுங்குவதற்கு முன்பே அது தானாக என்னைவிட்டுப் போய்விடுகிறது. வார்னிஷ் சிந்திய இடத்தில் வழுக்கி உட்கார்ந்தேன். ரூபி ஜன்னலில் இருந்து, “மாநில வீராங்கனைக்கு அடி பலமா?” என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இடுப்பு இன்னும் வலிக்கிறது. இன்று அனிஷா பிடுங்கியது பதினாறில் பதினாறு. ஆனால் அது நான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று ஒரு மோட்டாரைக் கட்டி முடித்துச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தேன். பம்பு மாட்டாமல் வெறுமனே ஓடும்போது மோட்டார் கொஞ்சம்தான் கரண்டு இழுக்கும். மீட்டர் முள் அசைந்தும் அசையாமல் நிற்கும். அதுவே கிணற்றில் இறக்கி லோடு கொடுத்தால் முழுசாக இழுக்கும். லோடு இல்லாதபோது இழுக்கவில்லை என்று எவனாவது மோட்டாரைத் திட்டுவானா?

இந்த நினைப்பு வந்ததும் எனக்கே பிடிக்கவில்லை. இருபது வருடமாக நான் கட்டும் மோட்டார் அந்த எட்டாம் நம்பருக்காக வக்கீல் வேலை பார்க்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டேன்.

மோட்டார் யாரையும் பார்த்துக் கையை நீட்டாது. அவ நீட்டுனா. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினப் போட்டி. இன்று எங்களுக்கு எதிரே சித்தையன்கோட்டைப் பிள்ளைகள். இந்த வருடம்தான் அணி சேர்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் காலில் ஷூ இல்லை. நம் பக்கம் அனிஷாதான் பெரிய ஆட்டக்காரி. கேட்கவே ஒரு மாதிரி இனிப்பாக இருந்தது.

காலையிலேயே சொல்லி அனுப்பினேன்: “இன்னிக்கு ரொம்ப ஓடாத. காலுத் தெம்ப மிச்சம் வையி. அடுத்த மாசப் போட்டியில வேலை இருக்கு.” சொன்னபடி நடந்தாள். நான் கடலை தின்றுகொண்டே பார்த்தேன். நடக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றுதான் நினைத்தேன்.

இடைவேளைக்கு அப்புறம் எது அவளைக் கிளப்பியதோ தெரியாது. பாய்ந்தாள். ஓட வேண்டாத இடத்திலும் ஓடினாள். சித்தையன்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பந்தே கிடைக்கவில்லை. அதில் ஐந்தாம் நம்பர், கட்டையாக ஒரு பிள்ளை, கடைசி வரை அவளையே துரத்திக்கொண்டு திரிந்தது.

முடிந்ததும் அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார். பேர் மகேஸ்வரி என்றார். குரலை உயர்த்தவில்லை. “ஏண்ணே, உங்க புள்ளயாண்ணே அது? செத்தப் பொறுத்து ஆடச் சொல்லக்கூடாதா? எம்புள்ள இப்பத்தான பழகுது. ஒண்ணு ரெண்டு போட விட்டா என்ன கொறஞ்சா போயிரும்?”

வாயில் கடலை இருந்தது. மெல்லவும் முடியவில்லை.

வீட்டில் அனிஷாவைக் கேட்டேன், நடக்கச் சொன்னேனே, ஏன் ஓடினாய் என்று.

“அந்த அஞ்சாம் நம்பர் என்ன மொறைச்சுச்சுப்பா. நல்லா மொறைச்சுச்சு. அதான்.”

ஆகஸ்ட் 16, சனி

அந்த அம்மா ஒதுங்கி நின்று போட விடச் சொல்கிறார். நானோ, புவனேஸ்வரி ஒதுங்கி நின்றதற்காக ஒரு மாதமாகக் கருவிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் பிள்ளையைப் பெற்றவர்கள்தான். இதில் யார் சரி?

வேலைக்கு நடுவில் நாலைந்து தடவை யோசித்தேன். அந்த அம்மாவுக்குச் சரி என்று பட்டதை நான் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் முறைத்த பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. அனிஷா மட்டும்தான் கேட்டாள் போல.

கோபம் குறைந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தேன். குறையவில்லை. அப்படியே இருக்கிறது. நல்லது.

செப்டம்பர் 2, செவ்வாய்

சனிக்கிழமை ஆட்டம் யாரோடு என்று சீட்டு எடுத்தார்களாம். முஹ்சினா டீச்சர் போனில் சொல்லும்போது இரங்கல் சொல்வது போலச் சொன்னார். “கஷ்டம்தாண்ணே. அந்தப் பெரிய பள்ளிக்கூடம் வந்துருச்சு.” நான் நன்றி சொன்னேன். அவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 6, சனி

சட்டையை இன்னும் மாற்றவில்லை. எழுதிவிட்டு மாற்றுகிறேன்.

ரூபியும் வந்தாள். கூடை மாறும் விவரத்தை அவளுக்கு நான் முன்கூட்டியே விளக்கினேன், பெரிய நிபுணன் மாதிரி.

ஆட்டம் தொடங்கியது. எட்டாம் நம்பரைக் காணோம். தேடினால் வெளியே பெஞ்சில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளை இறக்கவே இல்லை. எங்களுக்கு அவள் தேவையில்லையாம். ஜூலையில் நடந்தாவது காட்டினாள், இன்று அதுவும் இல்லை. வயிறு எரிந்தது எனக்கு. அவர்கள் கோச் காலை ஆட்டிக்கொண்டு போன் பார்க்கிறார். வரட்டும், அந்தாள் வீட்டு மோட்டார் ஒருநாள் என் கடைக்கு வராமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் புவனேஸ்வரி இல்லாத அணி நம்மைப் போன்ற அணிதான். பாதி ஆட்டத்தில் எட்டு பாயிண்டுதான் வித்தியாசம். அப்புறம் ஆறு. அப்புறம் நான்கு. கோச் போனைச் சட்டைப்பையில் போட்டார். திரும்பி ஏதோ சொன்னார். எட்டாம் நம்பர் துண்டை எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள்.

நடந்துதான் வந்தாள். சோம்பல் முறித்தாள். பந்து கையில் வந்ததும் இடது கை. நெஞ்சு உயரம். அவங்கப்பா சொன்னது அப்படியே.

அனிஷா பிடுங்கவில்லை. எதிரே நின்றாள், கையை நீட்டவில்லை. அடுத்த தடவையும் அப்படியே. ரூபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, பயந்துட்டா, எல்லாப் பிள்ளைகளையும் போல இவளும் பயந்துட்டா — சிமெண்டுத் தரையில நான் விழுந்தது அம்புட்டும் வீணா?

மூன்றாவது தடவை புவனேஸ்வரி தலையைத் திருப்பி வெளியே இருந்த தோழியிடம் என்னவோ சொன்னாள். பந்து எழும்பி வந்தது. அனிஷா எடுத்துவிட்டாள். தட்டவில்லை, பறிக்கவில்லை, மரத்தில் இருந்து காயை எடுப்பது போல் எடுத்தாள். எடுத்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடினாள். அவளுக்கும் கூடைக்கும் நடுவில் ஒருத்தியும் இல்லை. போட்டாள்.

விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

புவனேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்று தன் கையைப் பார்த்தாள், போட்டிருந்த வளையலைக் காணோம் என்பது போல. அப்புறம் மெதுவாகக் குனிந்தாள். இரண்டு ஷூவின் அடியையும் உள்ளங்கையால் துடைத்தாள்.

நான் துள்ளிக் குதித்தேன். “எதுக்கு இம்புட்டுச் சந்தோசம்? இனிமேத்தான் அடி வாங்கப் போறோம்” என்றாள் ரூபி.

“அதுக்குத்தான்டி.”

வாங்கினோம். அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. அவள் ஒருத்தியே போட்டுத் தள்ளினாள். அனிஷா எங்கே திரும்பினாலும் அங்கே நின்றாள். மறித்தாள், முட்டினாள், பறித்தாள். ஒரு தடவை இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். முழங்கை பட்டு அனிஷாவுக்கு உதடு கிழிந்துவிட்டது. டீச்சர் பஞ்சை வைத்து அழுத்தி உட்காரச் சொன்னார். இவள் பஞ்சைத் துப்பிவிட்டு உள்ளே போனாள். ஜூலையைவிட அதிக வித்தியாசத்தில் தோற்றோம். எங்கள் தரப்பில் கை தட்டியது நான் ஒருவன்தான், இந்தத் தடவை தெரிந்தே.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து போனேன். தண்ணீர் குடிப்பது போல் அவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நடை. அவள் முட்டியில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோள் முதல் இடுப்பு வரை.

பார்த்துவிட்டு வந்தேன். ரூபிக்கும் எனக்கும் பன்னீர் சோடா வாங்கினேன்.

வண்டியில் வரும்போது அனிஷா நடுவில் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கிப் பேச்சு குழறியது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

“என்ன நெசமாவே தள்ளிவிட்டாப்பா. பாத்தீங்கள்ல?”

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசை முழுக்க உள்ளேயே இருந்தேன். அந்தோணியாருக்கு இரண்டு மெழுகுவர்த்தி, ஒன்று கேட்டது கிடைத்ததற்கு, ஒன்று அன்றைக்குப் பாதிப் பூசையில் வெளியே வந்ததற்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியம் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ. எரிந்த மோட்டாரோடு முத்துச்சாமி இறங்கினார். கையில் என் கடை அட்டை. பின்னாலேயே புவனேஸ்வரி. எனக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று இருந்தது. அதற்குள் அனிஷா எட்டிப் பார்த்துவிட்டாள்.

முத்துச்சாமி அவள் உதட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உதட்டைப் பார்த்தார். “அட, அம்மணி உங்க புள்ளைங்களா?” என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் மோட்டாரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தலையைச் சொறிந்தேன். தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டீர்கள், இல்லையா என்று கேட்டேன்.

“தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு சேத்திச் சொல்லியிருப்பனுங்க.”

பிள்ளைகள் இரண்டும் பின்பக்கம் போய்விட்டன. மோட்டாரைக் கழற்றியபடி காதை அங்கே வைத்திருந்தேன். வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை என்றாள் இவள். கொஞ்ச நேரம் பந்துச் சத்தம். அப்புறம் அனிஷா கேட்டாள், ஜூலையில்கூட ஒரு தடவை ஆடினோமே, நினைவிருக்கிறதா என்று.

“அப்படியா? எனக்கு நெனப்பே இல்லையே” என்றாள் புவனேஸ்வரி.

பொய் சொல்லவில்லை. குரலில் தெரிந்தது. நெசமாவே நெனப்பில்ல. இங்கே ஒரு வீடே அதைத் தின்றுகொண்டு கிடந்தது. திருப்புளி கையில் இருந்து நழுவி மோட்டாருக்குள் விழுந்துவிட்டது.

காயில் முழுக்கக் கருகியிருக்கிறது, கட்டித் தர மூன்று நாள் ஆகும் என்றேன். கிளம்பும்போது அவள் நேராக என்னிடம் வந்தாள். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பிள்ளை. நெற்றியில் பரு.

“அங்கிள், எங்க டீமுல யாருமே எங்கிட்ட இருக்கற பந்தத் தொடமாட்டாங்க. ஞாயித்துக்கெழமயில அனிஷாவ அனுப்பி வைப்பீங்களாங்க? நாங்க ரெண்டு பேரும் ஆடிப் பழகிக்குவோம்.”

அனிஷா எனக்குப் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சரி என்று சொல்லச் சொல்லித்தான். பரணில் ஏறியதற்குப் பிறகு இத்தனை வேகமாக அவள் எதையும் செய்ததில்லை.

“நானே கூட்டிட்டு வாரேன்மா” என்றேன். முத்துச்சாமிக்கு டீ சொன்னேன். ஆட்டோ திரும்பும்வரை நின்று கையும் ஆட்டினேன்.

வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான். ஒரு நாள் எம்மக உனக்கு ஒதுங்கி நின்று, கையை நீட்டி வழிவிடுவாள், அம்மணி. அன்றைக்கு உனக்கு நெனப்பு இருக்கும்.